பட்டப்பகலில் யாரும் பார்க்கவில்லை

ஆரணி மேட்டுப் பாவடித் தெருவில் ஒரு வீட்டில் மீன் குழம்பு கொதித்தால் போதும். என்ன மீன், விருந்தாளி யார், அவர் திரும்பிப் போகும்போது எதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார் என்பது வரை தெருவின் அந்தக் கோடிக்குத் தெரிந்துவிடும். எவள் புதுக் கொலுசு வாங்கினாள், எவன் பழைய செருப்பைத் தைத்துப் போட்டான், எல்லாம், வீட்டுக்கு வீடு கரண்ட் தறி ஓடும் அந்தத் தெருவுக்கு மனப்பாடம்.

அப்பேர்ப்பட்ட தெருவின் நட்டநடுவில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை வெயில் சுள்ளென்று அடிக்கும் நேரத்தில், வேணுகோபால் என்ற பெரியவரை ஒரு வண்டி இடித்துத் தள்ளியது. கால் முறிந்து கிடந்தார். அதைத் தெருவில் ஒருவர்கூடப் பார்க்கவில்லையாம்.

"ஒரே நேரத்துல எல்லாருக்கும் கண்ல தூசி பூந்துடுச்சு போல மேடம்," என்றார் ஜீவானந்தம்.

அகல்யா குறிப்பு நோட்டைத் திறந்தாள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஜாக்கெட் துணிக்கடை மாடியில் இருக்கும் 'அகல்யா கல்யாண விசாரணை நிலைய'த்தின் முதலாளி அவள். முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டிப் பணம் கேட்டு வருகிறவர்களைக் கண்டுபிடிக்கும் வேலை. இப்போது பொய் ஜாதகம் காட்டுகிற மாப்பிள்ளைகளைக் கண்டுபிடிக்கும் வேலை. ஜீவானந்தம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பஸ் நின்றுவிட்டது, குரல் நிற்கவில்லை. அகல்யாவுக்கு உதவியாள் என்று சேர்ந்தவர், வேலையைவிட வாயாடுவதையே அதிகம் செய்துகொண்டிருந்தார்.

எதிர் நாற்காலியின் நுனியில், பையை மடியில் அணைத்துக்கொண்டு, அன்புச்செல்வி உட்கார்ந்திருந்தாள். தேவிகாபுரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள்.

"எங்கூட்டுக்காரு பேரு காத்தவராயன். லோடு ஆட்டோ ஓட்டறாரு," என்றாள். "களம்பூர் மில்லுல அரிசி ஏத்திகினு அந்தத் தெரு வழியா வந்துகினு இருந்தாரு. பெரியவரு ரோட்ல கெடந்தாரு. ஒரு பைக்கு சந்துல திரும்பி ஓடறது மட்டும் தெரிஞ்சுதாம். வண்டி பூரா மூட்டைங்க. அத்தயெல்லாம் தெரு ஓரமா இறக்கி அடுக்கி வச்சுட்டு, அவரப் படுக்க வச்சு ஆஸ்பத்திரிக்கு இஸ்துகினு போனாரு. திரும்பி வந்து பாத்தா ஒரு மூட்டை கூட இல்ல."

"பெரியவர் என்ன சொன்னார்?"

"கண்ணு முழிச்சு, போலீசு வந்து கேட்டப்ப, 'அந்த ஆட்டோதான் இடிச்சுது'ன்னு சொல்லிட்டாரும்மா." அவள் குரல் அங்கே உடைந்தது. "மில்லுக்காரரு, மூட்டைய வித்துத் தின்னுட்டான்னு எழுதிக் குடுத்துட்டாரு. இடிச்ச கேசு ஒண்ணு, திருட்டு கேசு ஒண்ணு. வேலூர் ஜெயில்ல கீறாரு. நாளைக்கு ஜாமீனு. மூட்டை எங்க போச்சுன்னு சொல்லலன்னா ஜட்ஜு உட மாட்டாருன்னு வக்கீலு கைய விரிச்சுட்டாரு."

அந்த ஆஸ்பத்திரி வாசலில், 'விபத்தில் சிக்கியவருக்கு உதவுங்கள், உங்களை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள்' என்று பெரிய எழுத்தில் போர்டு உண்டு. அந்தப் போர்டுக்குக் கீழேதான், பெரியவரைப் பார்க்க மறுபடி வந்த காத்தவராயனை ஜீப்பில் ஏற்றினார்கள் என்பது ஜீவானந்தத்துக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

"என்ன மூட்டை? சாக்குல ஏதாவது அடையாளம்?" என்று கேட்டாள் அகல்யா.

"ஊஞ்சல் மார்க்கு. மில்லுல புதுசா போட்டது. மொத லோடு நம்ம வண்டிலதான்னு வண்டிக்குப் பூவெல்லாம் கட்டிகினு போனாரு. அது கடைக்கே போய்ச் சேரல."

அகல்யா தலையாட்டினாள். ஜீவானந்தம் அவள் பக்கம் குனிந்து, "மேடம், நமக்கு எதுக்கு இந்த பேஜாரு? நம்மது கல்யாண விசாரணை. எஸ்.ஐ. எழிலரசனே வூடு வூடா கேட்டுப் பாத்துட்டாரு. ஒருத்தனும் வாயத் தொறக்கல," என்று கிசுகிசுத்தார். அவருடைய கிசுகிசுப்பு கீழே ஜாக்கெட் துணி வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"எழிலரசன் என்கிட்டயும் பேசினார். 'கண்ணால பாத்தேன்னு ஒரே ஒருத்தர் கையெழுத்துப் போடட்டும், எனக்கு மட்டும் அவனை உள்ள வைக்க ஆசையா'ன்னு கேக்கறார். அவர் செஞ்ச தப்பு என்ன தெரியுமா அண்ணே? ஆக்சிடென்ட்டைப் பத்திக் கேட்டது."

"வேற இன்னா கேக்கணும்?"

"கல்யாணத்தைப் பத்தி," என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள் அகல்யா. "வாங்க. நீயும் வாம்மா, தெருமுனை டீக்கடையில உக்காந்திரு."

முதலில் மாட்டியவன் குமரேசன், செல்போன் ரீசார்ஜ் கடைக்காரன். வெயிலுக்கு மறைப்பாகக் கடை ஜன்னலில் ஒரு சாக்கைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தான். அதில் ஒரு பச்சை ஊஞ்சல் தலைகீழாக ஆடிக்கொண்டிருந்தது.

"இங்கதானே யாரோ பெரியவருக்கு அடிபட்டுச்சு?" என்று ஜீவானந்தம் சும்மா கொக்கி போட்டுப் பார்த்தார்.

குமரேசன் முகத்தில் ஷட்டர் இறங்கியது. "தறி ஓடற சத்தத்துல ஒண்ணுமே கேக்கலங்க."

"அதை விடுங்க," என்று அகல்யா இனிக்க இனிக்க ஆரம்பித்தாள். "களம்பூர்ல ஒரு நல்ல பொண்ணு. இந்தத் தெருவுல ஒரு பையனைப் பாத்திருக்காங்க. பேரை நான் சொல்லக்கூடாது, தொழில் தர்மம். நீங்களே பொதுவா சொல்லுங்க. இங்க பசங்க எல்லாம் எப்படி?"

ஷட்டர் மேலே ஏறியது. குமரேசன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். "பையன் பைக் வச்சிருக்கானாம்மா?"

"வச்சிருக்கலாம்."

"செவப்பு பைக்கா? அப்ப சிவகுமாரு. அம்மா, உங்களப் பாத்தா நல்லவங்களா தெரியுது. வேணாம். பட்டுக்கடைக்காரர் புள்ளதான், வசதிதான், ஆனா வேணாம். ஒரு கையில ஹேண்டில் பாரு, ஒரு கையில செல்லு. வீடியோ புடிச்சிகினே போவான். என்னிக்காவது ஒருநாள் யாரயாவது ஏத்திடப் போறான்னு பாத்துகினே இருந்தேன், அதே மாதிரி..."

சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

"அதே மாதிரி?"

"அதே மாதிரிதான் இன்னும் ஓட்டிகினு கீறான்."

அடுத்தது கோபிநாத், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். தினமும் காலையில் ரோஜாப்பூ படம் போட்டு, கீழே ஒரு நீதிமொழியும் எழுதி, ஊரில் பாதிப் பேருக்கு அனுப்புகிறவர். ஜீவானந்தத்துக்கும் அது வரும். அன்றைக்கு வந்தது: 'அநியாயத்தைக் கண்டும் வாய் மூடி இருப்பவன் அநியாயத்தின் பங்காளி.' அவருடைய பழைய ஸ்கூட்டர் சீட்டின் மேல் மழைக்கும் வெயிலுக்கும் ஒரு சாக்கு மூடியிருந்தது. அதிலும் ஊஞ்சல்.

விபத்து என்றதும் அவர், "அன்னைக்குத் தறி சத்தம் அதிகம். ஒண்ணும் கேக்கல," என்றார். கல்யாணம் என்றதும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"பெண்ணின் வாழ்க்கைம்மா. தெரிஞ்சதை மறைச்சா அந்தப் பாவம் நம்மளச் சும்மா விடாது. சிவகுமார்னா வேணவே வேணாம். மனுஷங்களை இடிச்சுட்டு இறங்கிக்கூடப் பாக்க மாட்டான்."

"யாரை இடிச்சான் சார்?"

"உதாரணத்துக்குச் சொன்னேன்."

மூன்றாவதாக ராஜம்மாள். தெருவின் செய்தி நிலையம். வாசலில் வடாம் காய வைத்துக்கொண்டிருந்தாள். விரித்துப் போட்ட சாக்கின் மேல், ஊஞ்சல் படத்தைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக வடாம் உட்கார்ந்திருந்தது.

"இந்தத் தெருவுக்கு ரசனை ஜாஸ்தி மேடம். எங்க பாத்தாலும் ஊஞ்சல்," என்றார் ஜீவானந்தம். அகல்யா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று அவருக்குப் புரியவில்லை.

கல்யாணம் என்ற சொல் காதில் விழுந்ததும் ராஜம்மாள் காபி போட உள்ளே ஓடினாள். காபியோடு வந்தவள் நிறுத்தவே இல்லை.

"சிவகுமாரா? என் எதிரி வூட்டுப் பொண்ணக்கூட அவனுக்குக் குடுக்க மாட்டேன்! நானே இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்மா. பெரியவரு ஓரமாத்தான் போய்கினு இருந்தாரு. இவன் செல்லப் பாத்துகினே வந்து வுட்டான் பாரு, அப்பிடியே தூக்கி அடிச்சுது. நின்னானா? பைக்கத் திருப்பிகினு சந்துக்குள்ள பூந்துட்டான். ஒரு பொண்ணு வாழ்க்கையாச்சேன்னு சொல்றேன், வெளிய உட்டுடாதீங்க."

"போலீஸ்கிட்ட சொன்னீங்களாம்மா?"

ராஜம்மாள் காபி டம்ளரைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். "போலீசா? நான் எங்க பாத்தேன்? தறி சத்தத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கலயே!"

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். இந்தத் தெருவில் ஒரு கல்யாணத்தைக் கெடுப்பதற்கு மட்டும்தான் உண்மை வெளியே வரும் போலிருந்தது. ஒரு மனிதனை ஜெயிலிலிருந்து வெளியே கொண்டுவருவதற்கு அது ரொம்ப விலை உயர்ந்த சரக்காம்.

தெருமுனை டீக்கடையில், அன்புச்செல்வி பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார்கள். ஜீவானந்தத்துக்கு ரத்தம் கொதித்தது. கொதித்தாலும் போண்டாவை விடவில்லை.

"மேடம், ஒண்ணு சொல்றேன், கேளுங்க. எல்லாரும் தறி சத்தம் தறி சத்தம்ங்கறாங்களே, அந்தச் செவ்வாக்கெழம ஊருக்கே கரண்ட் கிடையாது! மாசாந்திர வேலைன்னு சாயங்காலம் வரைக்கும் புடுங்கி வச்சிருந்தான். நம்ம ஆபீசுல ஃபேன் இல்லாம நான் ரெண்டு தடவ மயக்கம் போட்டேன். கரண்ட் தறி எப்பிடி ஓடும்? புழுக்கத்துக்கு மொத்தத் தெருவும் வாசல்ல வந்து குந்திகினு இருந்திருக்கும். சினிமா மாதிரி வரிசையா பாத்திருக்காங்க!"

"சபாஷ் அண்ணே," என்றாள் அகல்யா, நிஜமாகவே. "எந்தக் கேள்விக்கும் தறி சத்தம்னு சொல்லிப் பழகிட்டாங்க. தறி ஓடாத நாளுக்கும் அதையே சொல்லிட்டாங்க."

"ஆனா கையெழுத்துப் போடச் சொன்னா ஓடிடுவாங்களே. மாப்பிள வேணாம்னு சொன்னதுக்கெல்லாம் ஜட்ஜு ஜாமீன் குடுப்பாரா?"

"மாட்டார். அதனாலதான் அவங்க சொன்னதைவிட அவங்க வீட்டுல இருந்ததைக் கவனிச்சேன். ஊஞ்சல் ரசனைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா, குமரேசன் ஜன்னல்ல, வாத்தியார் ஸ்கூட்டர்ல, அந்தம்மா வடாம்..." ஜீவானந்தத்தின் வாய் திறந்தபடியே நின்றது. கையிலிருந்த போண்டா சட்னியில் விழுந்தது.

அன்புச்செல்வி எழுந்தே விட்டாள். "ஊஞ்சலா? எந்த வூட்ல?"

"கடைக்கே போகாத அரிசி, தெரு பூரா எப்படி வந்துச்சு? உன் வீட்டுக்காரர் இறக்கி வச்ச மூட்டைதான். உக்காரும்மா, அழாதே. இன்னொண்ணையும் யோசிச்சுப் பாருங்க அண்ணே. ஒருத்தரை இடிச்சுட்டு ஓடறவன், வண்டியை நிறுத்தி ஒவ்வொரு மூட்டையா இறக்கி ஓரமா அடுக்கி வச்சுட்டு, அடிபட்டவரை ஏத்திகிட்டுப் போவானா?"

ஜீவானந்தம் சட்னியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இப்ப இன்னா பண்ணணும் மேடம்?"

"உங்க குரல் வேணும். கடைசி ஸ்டாப்புல இறக்கிவிடற குரல்."

அந்தக் குரல் பல வருஷமாகப் பட்டினி கிடந்தது. தெரு நடுவில் நின்று ஜீவானந்தம், "எல்லாரும் வெளிய வாங்க! ஜல்தி! உள்ள தங்கறவங்க பேரு தனியா எழுதப்படும்!" என்று ஒரு சத்தம் விட்டார். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. தறிச் சத்தத்தில் ஒன்றுமே கேட்காத தெருவுக்கு இது மட்டும் நன்றாகக் கேட்டது.

அகல்யா குரலை உயர்த்தவே இல்லை. "ஊஞ்சல் போட்ட சாக்கு யார் யார் வீட்டுல இருக்கு? நான் மூணு வீட்டுல பாத்துட்டேன். எஸ்.ஐ. வந்தா மிச்சத்தையும் பாப்பார். அது திருட்டுப்போன அரிசி. வச்சிருக்கறவங்க திருட்டுப் பொருள் வாங்கினவங்க. ஒரு வழிதான் இருக்கு. அன்னைக்கு என்ன நடந்துச்சு, மூட்டை எப்படி உங்க வீட்டுக்கு வந்துச்சுன்னு உள்ளபடி எழுதிக் குடுத்தா நீங்க சாட்சி. வாயை மூடிகிட்டு இருந்தா திருடங்க. உங்க இஷ்டம்."

முதலில் வெடித்தவள் ராஜம்மாள்.

"நான் ஒருத்தியா எடுத்தேன்? குமரேசன் எடுக்கல? வாத்தியாரு வாசல்ல ஒண்ணு போய் எறங்கல?"

"யக்கா, நீ மருமவளயும் கூப்பிட்டு ரெண்டாவது ஒண்ணு இஸ்துகினு போனியே, அத்தச் சொல்லு!" என்று பாய்ந்தான் குமரேசன்.

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன்," என்றார் கோபிநாத். "வாசல்ல வச்சுட்டாங்க. உணவுப் பொருளை வீணாக்கக்கூடாதுன்னு..."

அடுத்த சில நிமிஷங்களில், எந்த மூட்டை எந்த வீட்டுக்குப் போனது, யார் தலையில் போனது, போகும்போது எந்தப் படியில் இடித்துக் கொஞ்சம் அரிசி சிந்தியது வரைக்கும் வந்து கொட்டியது. ஒன்றுமே பார்க்காத தெரு ஒரு மணி அரிசியைக்கூடத் தவறவிடாமல் பார்த்திருந்தது.

"யாரு எடுக்கச் சொன்னது?" என்று கேட்டாள் அகல்யா.

குமரேசன்தான் முணுமுணுத்தான். "சிவகுமாருதாங்க. ஆட்டோ அந்தப் பக்கம் போனதும் சந்துல இருந்து வந்தான். 'ஆளுக்கு ஒண்ணு எடுத்துகினு போங்க, யாரு கேட்டாலும் ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்'னான்."

ஒரு தெருவின் வாய்க்கு விலை, வீட்டுக்கு ஒரு மூட்டை. அதுவும் அவன் கைக்காசு இல்லை. ஜெயிலுக்குப் போகப்போகிறவன் வண்டியிலிருந்து இறங்கிய அரிசி. டீக்கடையிலிருந்து கூடவே வந்திருந்த அன்புச்செல்வி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"எங்கள மட்டும் கேக்கறீங்களே," என்று சேர்த்துக்கொண்டான் குமரேசன். "பெரியவர் வூட்டுக்கும் மூட்டை போச்சு. சிவகுமாரே தோள்ல போட்டுகினு போனான்."

அகல்யா திரும்பினாள். "எந்தப் பெரியவர்?"

"அதாங்க, அடிபட்டவரு. வேணுகோபால்."

அகல்யா ஜீவானந்தத்தைப் பார்த்தாள். "இது நான் எதிர்பாக்கலை அண்ணே."

வேணுகோபால் வீடு தெருவின் கடைசியில். கட்டிலில் மாவுக்கட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகள் சுபலட்சுமி பரிமாறிக்கொண்டிருந்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தெருவே வாசலில் வந்து நிற்பதைப் பார்த்து முதலில் பயந்தாள். பிறகு பழக்க தோஷத்தில், "வாங்க, சாப்புடறீங்களா?" என்றாள்.

"நல்ல அரிசியா இருக்கே. எந்தக் கடையிலம்மா?" என்றாள் அகல்யா.

சுபலட்சுமிக்குக் கொஞ்சம் வெட்கம் வந்தது. "கடையில இல்லீங்க. சிவகுமார் வூட்லருந்து வந்தது. அப்பாவுக்கு அடிபட்டதுலருந்து அவங்கதான் எல்லாம் பாத்துக்கறாங்க. போன வருஷம் அப்பா போய்ச் சம்பந்தம் பேசினப்ப, எங்க அந்தஸ்துக்கு ஆவாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இப்ப அவங்களே வந்து பூ வச்சுட்டுப் போயிருக்காங்க. இன்னும் வெளிய சொல்லல. நல்ல மனசுக்காரங்க."

வாசலில் ராஜம்மாள் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

வேணுகோபால் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. ஜீவானந்தத்துக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. தெரு வாங்கியது மூட்டை. இவர் வாங்கியது மாப்பிள்ளை.

"பெரியவரே," என்றாள் அகல்யா. "உங்களை இடிச்சது யாரு?"

"அதான் சொன்னேனே. ஆட்டோ."

"இந்தம்மா அந்த ஆட்டோக்காரர் சம்சாரம். பேரு அன்புச்செல்வி. அவங்களைப் பாத்துச் சொல்லுங்க."

அவர் பார்க்கவில்லை. சுபலட்சுமி பார்த்தாள். அன்புச்செல்வியின் கண்கள் அடுக்களை வாசலில், சாய்த்து வைத்திருந்த சாக்கின் மேல் இருந்தன. பச்சை ஊஞ்சல்.

"எங்கூட்டுக்காரு இறக்கி வச்ச மூட்டம்மா அது," என்றாள் அன்புச்செல்வி மெதுவாக. "உங்கப்பாவப் படுக்க வைக்க எடம் இல்லன்னு இறக்கி வச்சாரு."

கணக்கு டீச்சருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. வாசலில் நின்ற ராஜம்மாளைப் பார்த்தாள். "யாரு இடிச்சாங்க அத்த?"

"சிவகுமாருதாம்மா," என்றாள் ராஜம்மாள். "எல்லாருந்தான் பாத்தோம். அப்பாவும் பாத்தாரு."

"உனக்காகத்தாம்மா!" வேணுகோபால் வெடித்தார். "ஆஸ்பத்திரிக்கே வந்து அவங்கப்பா என் கைய புடிச்சுகினு கேட்டாரு. உனக்கு ஒரு வாழ்க்க அமையுதேன்னு பாத்தேன். அந்த ஆளு இன்னா, எந்த ஊரோ, யாரோ! ரெண்டு மாசத்துல வெளிய வந்துடப் போறான்!"

"அவரு உங்களத் தூக்கும்போது எந்த ஊரு, யாருன்னு கேட்டாராப்பா?"

அவள் சத்தமே போடவில்லை. குனிந்து, அவர் முன்னாலிருந்த தட்டை எடுத்தாள். பிசைந்த சோற்றோடு கை அந்தரத்தில் நின்றது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற ஊர் இது. இங்கே சோறு போட்டவன் உள்ளே இருந்தான், தின்றவர்கள் எல்லாம் வெளியே இருந்தார்கள்.

"வச்ச பூ அன்னிக்கே வாடிப் போச்சுப்பா," என்றாள் சுபலட்சுமி. "கைய கழுவுங்க. ஸ்டேஷனுக்குப் போலாம்."

ஜீவானந்தம் தெருமுனைக்கு ஓடி, வந்துகொண்டிருந்த ஒரு லோடு ஆட்டோவை மறித்தார். "கால் ஒடஞ்ச பெரியவரு, ஸ்டேஷன் வரைக்கும் ஒரு சவாரி."

டிரைவர் எட்டிப் பார்த்தான். "எந்தத் தெரு? மேட்டுப் பாவடியா? ஆள வுடு சார். போன வாட்டி இங்க தூக்கினு போனவன் வேலூர்ல களி தின்னுகினு கீறான்." புகையைக் கக்கிக்கொண்டு வண்டி பறந்தது.

வேறு வழியில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வேணுகோபாலை உட்காரவைத்து, குமரேசனும் இன்னும் மூன்று பேரும் தூக்கிக்கொண்டார்கள். முன்னால் சுபலட்சுமி. பின்னால் மூட்டைகள்: முழு மூட்டை, பாதி மூட்டை, கிழித்துப் போட்ட வெறும் சாக்கு. கோபிநாத் ஸ்கூட்டர் சீட் மூடியை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று தானே நினைத்துக்கொண்டு நடந்தார். அகல்யா போனில் எழிலரசனிடம், "ஒரு கையெழுத்து கேட்டீங்க, ஒரு தெருவே வருது. பட்டுக்கடையில போய் முதல்ல பையனைப் பிடிங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த தெருவில் ஒருவர் வாயில் பல்குத்தும் குச்சியோடு வந்து எட்டிப் பார்த்தார். "இன்னா சாமி ஊர்வலம்? விசேஷமா?"

"சாட்சி சொல்லப் போறாங்க," என்றார் ஜீவானந்தம். "நீங்களும் ஏதாவது பாத்தீங்களா?"

"நானா? நான் ஒண்ணும் பாக்கலப்பா!" கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

ஊர்வலத்தின் வாலில், பாதி காலியான மூட்டையை இடுப்பில் வைத்து, ராஜம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் நடந்த அன்புச்செல்வியின் முகத்தை நாலைந்து முறை பார்த்துவிட்டு, கடைசியில் பொறுக்கமாட்டாமல் சொன்னாள்.

"உன் வூட்டுக்காரு தங்கமான மனுஷன்மா. அன்னிக்கு அவரு மூட்டை இறக்கனப்பவே நான் சொன்னேன்."

அன்புச்செல்வி நின்று அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"யார்கிட்டம்மா சொன்னீங்க?"

ராஜம்மாள் மூட்டையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, நடையை எட்டிப் போட்டாள்.